குடிலில் பாலனை முதல் நாளே வைத்துவிடலாமா?

கேள்வி, நவம்பர் 26, 2025

இந்த வருடம் கோயிலின் கிறிஸ்துமஸ் குடில் (இயேசு பிறந்த கொட்டிலின் காட்சி) எங்கள் அன்பியத்தின், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழுவின் பொறுப்பு. உள்ளே, இடப்பக்கச் சுவரை ஒட்டி 8 அடிக்கு 6 அடி இடம் கொடுத்திருக்கிறார்கள். 18 அங்குல சுரூப (சிலை) செட் இருக்கிறது. டிசம்பர் 10ஆம் தேதிக்குள் முடிக்க வேண்டும். பாலன் (குழந்தை இயேசு), மூன்று ராஜாக்கள் எல்லாரையும் அன்றே வைத்துவிட்டால் பிறகு தொடவே வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பிள்ளைகள் அருவி, ஓடுகிற ரயில், பனி எல்லாம் கேட்கிறார்கள். எனக்கு வேறு கேள்வி. இது வெறும் அலங்காரம்தானா? கிறிஸ்து பிறப்பின் பொருளுக்கும் இந்த வேலைக்கும் என்ன தொடர்பு?

நவம்பர் 26, இரவு

பாலனை முதல் நாளே வைக்காதீர்கள். காரணம் லூக்கா 2:12இல் இருக்கிறது. வானதூதர் இடையர்களிடம் தெரு பெயரோ வீட்டு அடையாளமோ சொல்லவில்லை. துணியில் சுற்றித் தீவனத்தொட்டியில் கிடத்திய குழந்தை, அதுதான் அடையாளம் என்றார். அன்று பெத்லகேமில் வேறு குழந்தைகளும் பிறந்திருக்கலாம். மாடு தின்னும் தொட்டியில் கிடந்தது ஒரு குழந்தைதான்.

அதனால் குடிலின் நடு தொட்டி. மலை, பாதை, ஆடு, விண்மீன் எல்லாம் அதற்கு வழிகாட்டத்தான். 24ஆம் தேதி இரவு வரை தொட்டி காலியாக இருந்தால், கோயிலுக்கு வருகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலம் நான்கு வாரமும் காத்திருக்கும் காலம்தானே? 10ஆம் தேதியே பாலனை வைத்துவிட்டால் நடு இரவுத் திருப்பலியில் (பூசையில்) குடில் பக்கம் திரும்பிப் பார்க்க ஒன்றும் இருக்காது.

நவம்பர் 27

அலங்காரமா என்ற கேள்விக்குக் கிரேச்சோவைத்தான் சொல்ல வேண்டும். இத்தாலியில் ரியேத்தி பள்ளத்தாக்கில் உள்ள ஊர். 1223இல், கிறிஸ்து பிறப்புக்கு ஏறக்குறைய 15 நாள் இருக்கும்போது அசிசி பிரான்சிஸ் அவ்வூர் ஜொவான்னி என்பவரை அழைத்து ஏற்பாடு செய்யச் சொன்னார். பெத்லகேமில் அந்தக் குழந்தை என்னென்ன இல்லாமல் கிடந்தது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். மாதா (மரியா), சூசையப்பர் (யோசேப்பு) சுரூபங்கள் கிடையாது. தொட்டியின் மேல் திருப்பலி நடந்தது. திருத்தொண்டரான (குருவுக்கு அடுத்த நிலை) பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடி மறையுரை ஆற்றினார். அவருடைய வரலாற்றை முதலில் எழுதிய செலானோ தோமா தரும் விவரம் இது.

மாடும் கழுதையும் லூக்காவிலோ மத்தேயுவிலோ இல்லை. எசாயா 1:3இலிருந்து வந்தவை. காளை தன் உடைமையாளனை அறியும், கழுதை தன் தலைவன் தீனிபோடும் இடத்தை அறியும், என் மக்களோ அறியவில்லை என்பது அங்கே கடவுளின் மனக்குறை. அவை இரண்டும் வெறும் இடம் நிரப்பிகள் அல்ல. தொட்டியைப் பார்த்தபடி வையுங்கள். கூட்டத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தால் அந்த வசனமே போய்விடும்.

நவம்பர் 28

கட்டும் வேலை. எட்டடியில் கொட்டிலை நட்டநடுவே நிறுத்த வேண்டாம். பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி நிறுத்தினால் பாதைக்கு நீளம் கிடைக்கும். 18 அங்குல சூசையப்பருக்குக் கொட்டில் வாசல் 2½ அடி உயரம் போதும். அதற்கு மேல் போனால் மண்டபம் போல ஆகிவிடும்.

மேடையைத் தாழ்வாக்குங்கள். மேசை உயரத்தில் கட்டுகிற பழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. பெரியவர்களுக்கு வசதி, ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்குத் தொட்டியின் அடிப்பக்கம்தான் தெரியும். பாலனின் முகம் தரையிலிருந்து 2 அடிக்குள் இருக்கட்டும். பெரியவர்கள் குனியட்டும். பெத்லகேம் பிறப்புக் கோயில் வாசலே ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரம்தான். மன்னரானாலும் தலை குனியாமல் உள்ளே போக முடியாது. கடவுள் இவ்வளவு கீழே இறங்கி வந்திருக்கும்போது நாம் நிமிர்ந்து நின்றபடி அவரைப் பார்த்துவிட முடியாது. என்னைப் பொறுத்தவரை கிறிஸ்து பிறப்பின் பொருள் இதுதான், அதை மேடை உயரத்திலேயே சொல்லிவிடலாம்.

பீடத்துக்கு முன்னால் எதுவும் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கிடைத்த சுவர் ஓரம் நல்ல இடம்.

மலைக்குக் காக்கித்தாள். சவுக்குக் கம்பில் சட்டம் கட்டி, இடைவெளியில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து, மேலே தாளைப் போர்த்துங்கள். தாளை முதலில் நன்றாகக் கசக்கிவிட்டுப் பாதி விரித்து, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் சாம்பலும் மண் நிறமும் தடவ வேண்டும். பள்ளம் தானாக இருண்டு நிற்கும், பாறை போலவே தெரியும். விரித்த தாளில் முழுக்கப் பெயிண்ட் அடித்துவிட்டுப் பிறகு கசக்கினால் மடிப்பில் நிறம் உதிர்ந்து கோடு விழும்.

தாளை ஒட்ட மைதாப் பசை காய்ச்சும்போது கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டால் கரப்பானும் எலியும் அண்டாது. ஆனால் அது விஷம். கிளறின பாத்திரம் சமையலுக்குத் திரும்பப் போகக் கூடாது, பிள்ளைகள் கையில் பசை கொடுக்கக் கூடாது.

சாக்கை சிமெண்டுப் பாலில் தோய்த்துப் போர்த்தினாலும் மலை அருமையாக வரும். தோசை மாவுப் பதம் சரியாக இருக்கும். ஒரே சிக்கல், காய்ந்த பிறகு நகர்த்த முடியாது. கோயிலுக்குள் என்பதால் உங்களுக்குத் தாளே போதும்.

நவம்பர் 30, திருவருகைக்கால முதல் ஞாயிறு

அருவி வேண்டுமா என்று திரும்பக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மீன்தொட்டிப் பம்பு சிறியதுதான், ஆனால் மறையுரை நேரத்தில் அதன் சத்தம் கோயில் முழுக்கக் கேட்கும். தண்ணீர் தெறித்துத் தாள் ஊறும், வைக்கோல் மூன்றாம் நாள் பூஞ்சை பிடித்து நாறும். ஈரத்துக்குப் பக்கத்திலேயே சீரியல் செட் வயரும் ஓடுகிறது என்பது இன்னும் மோசம். பிள்ளைகள் ஆசைக்கு ஒரு கண்ணாடித் துண்டைப் படுக்கவைத்து, விளிம்பு தெரியாமல் மணலும் கூழாங்கல்லும் போடுங்கள். குளம் தயார். ஆடுகளின் நிழல் அதில் விழும்.

பனிக்காகப் பஞ்சு ஒட்டுவதையும் விட்டுவிடுங்கள். பெத்லகேம் மலை ஊர், குளிர்காலத்தில் எப்போதாவது பனி விழும், அது உண்மை. ஆனால் பஞ்சும் வைக்கோலும் ஒரே இடத்தில் இருந்தால் ஒரு பொறி போதும். மெழுகுதிரியைக் குடிலுக்குள் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்றாதீர்கள். ஏற்ற விரும்புகிறவர்களுக்கு 4 அடி தள்ளி மணல் நிரப்பிய தட்டு வையுங்கள்.

ரயில் விஷயத்தில் எனக்கு இரண்டு மனம். பெத்லகேமில் ரயில் ஏது என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1 அன்று கிரேச்சோவிலேயே கையெழுத்திட்ட மடலில், கொல்லர், ரொட்டி சுடுபவர், தண்ணீர்க் குடம் சுமக்கும் பெண்கள், விளையாடும் பிள்ளைகள் எனச் சாதாரண மனிதர்களைக் குடிலில் சேர்ப்பதை வரவேற்றிருக்கிறார். அன்றாட வாழ்க்கைக்குள் கடவுள் வந்தார் என்பதால். அந்தக் கணக்கில் உங்கள் ஊர் ஆட்களை வையுங்கள். வலை தைக்கிறவர், இட்லிக் கடைக்காரம்மா, கட்டட வேலைக்குப் போகிறவர்கள், துப்புரவுப் பணியாளர். ரயில் மட்டும் ஓட வேண்டாம். ஓடுகிற பொருள் எதுவானாலும் கண் அதன் பின்னாலேயே போகும், தொட்டியைப் பார்க்க ஆள் இருக்காது.

டிசம்பர் 2

யாரை எப்போது வைப்பது என்று ஒரு சிஸ்டர் தேதிவாரியாகக் கேட்டிருக்கிறார்.

10ஆம் தேதி மலை, கொட்டில், காலித் தொட்டி, மாடு, கழுதை. இடையர்கள் தூரத்து மேட்டில், முதுகைக் காட்டிக்கொண்டு. அவர்களுக்கு இன்னும் எதுவும் தெரியாது. 17ஆம் தேதி மாதாவும் சூசையப்பரும் பாதையின் கோடியில். திருவழிபாடு அன்றுதான் பிறப்பை நோக்கி நேராகத் திரும்புகிறது. நாளுக்கு ஒரு சாண் நகர்த்துங்கள். இதைப் பீடச்சிறுவர்களிடம் ஒப்படைத்தால் ஒருவரும் மறக்க மாட்டார்கள். முழந்தாளிட்ட மாதா சுரூபம் பாதையில் பொருந்தாது என்றால் 24 மாலை நேரே கொட்டிலில் வையுங்கள், தவறில்லை.

24 இரவு பாலன். 25 விடியல் திருப்பலியில் வாசகம் லூக்கா 2:15–20, இடையர்கள் ஓடி வருவது. அதற்கு முன் அவர்களைக் கொட்டில் வாசலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இரவுத் திருப்பலிக்கு வந்து போனவர் காலையில் மறுபடி வந்தால் குடில் மாறியிருப்பதைப் பார்ப்பார்.

ஞானிகள், அதாவது அந்த மூன்று ராஜாக்கள், 25 முதல் புறப்பட வேண்டும். உங்கள் கோயிலில் எந்தப் பக்கம் கிழக்கோ அந்தப் பக்கத்துக் கோடியிலிருந்து. ஞானிகள் பாலனைக் கண்டதைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழா நம் நாட்டில் ஞாயிறன்று, இம்முறை ஜனவரி 4. அன்றுதான் சேர வேண்டும். மத்தேயு அவர்கள் எத்தனை பேர் என்று சொல்லவில்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று, அதை வைத்து மூன்று பேர். அவர்கள் வந்தது வீட்டுக்கு என்றுதான் 2:11இல் இருக்கிறது, கொட்டிலுக்கு அல்ல. முடிந்தால் அன்று கொட்டிலின் முன்பக்கம் ஒரு கதவுச் சட்டமும் திரையும் மாட்டி வீடாக்கிப் பாருங்கள். பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள், அப்போது மத்தேயுவைத் திறந்து காட்டலாம்.

டிசம்பர் 5

25ஆம் தேதி சூரியன் விழா, அதைத் திருச்சபை எடுத்துக்கொண்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பிறந்த நாளை நற்செய்தி சொல்லவில்லை, அது சரி. உரோமையில் டிசம்பர் 25 என்று குறிக்கும் பழைய சான்று 354ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கிறது, அந்தப் பட்டியல் 336ஐச் சேர்ந்தது. சூரியனுக்கு உரோமைப் பேரரசர் ஔரேலியன் கோயில் எடுத்தது 274. இரண்டையும் முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. மார்ச் 25இல் கருத்தரிப்பு, அதிலிருந்து ஒன்பது மாதம் என்று எண்ணினார்கள் என்பவர்களும் உண்டு. அர்மேனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6இல்தான் கொண்டாடுகிறது. நாள் மாறினால் விசுவாசம் மாறாது. சூரியன் படைக்கப்பட்டது, தொட்டியில் கிடப்பவர் படைத்தவர் என்று நம்புகிறவருக்கு இந்தச் சண்டையில் இழக்க ஒன்றுமில்லை.

டிசம்பர் 8

குடிலில் பச்சையாக வைக்கும் முளைப்பயிருக்கு நேரம் வந்துவிட்டது. கேழ்வரகு அடர்த்தியாக வரும், வீட்டிலும் இருக்கும். 13 காலை ஊறப்போட்டு, இரவு வடித்து ஈரத்துணியில் கட்டுங்கள். 14 மாலைக்குள் வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். தட்டில் ஒரு அங்குலம் தென்னைநார்க் கழிவு பரப்பி மேலே நெருக்கமாகத் தூவி, இரண்டு நாள் மூடி இருட்டில் வைத்து, பிறகு வெளிச்சத்துக்கு எடுங்கள். 24க்குள் இரண்டு மூன்று அங்குலப் பச்சை நிற்கும். முன்கூட்டியே, 5ஆம் தேதி போல விதைத்தால் நீண்டு சாய்ந்து மஞ்சளாகிவிடும். தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றாமல் தெளியுங்கள். மழை நாளில் காற்று இல்லாத அறையில் வைத்தால் அடியில் வெள்ளைப் பூஞ்சை படரும், அந்தத் தட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். இரண்டு தட்டு கூடுதலாக விதையுங்கள்.

டிசம்பர் 11

விளக்கு. மலை முழுக்கச் சீரியல் செட் சுற்றியிருக்கிறதாம், எல்லாம் மினுக் மினுக் என்று அடிக்கிறதாம். மினுக்குவதை நிறுத்தி நிலையாக எரிய விடுங்கள், பாதியைக் கழற்றிவிடுங்கள். கொட்டில் உச்சியின் உள்பக்கம், முன்னால் நிற்பவர் கண்ணில் படாதபடி 3 வாட் எல்.இ.டி. ஒன்று, மஞ்சள் ஒளி, தொட்டியை நோக்கி. மற்றதெல்லாம் அதைவிட மங்கல். 24 இரவு வரை அந்த ஒன்றை ஏற்றவே வேண்டாம். பாலனை வைக்கும்போது போடுங்கள். சுவிட்சைத் தனியாக எடுத்து, யார் போடுவது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் நடந்த மக்கள் பேரொளியைக் கண்டார்கள் என்ற எசாயா வாசகம் அந்தத் திருப்பலியில்தான் வருகிறது.

காகித விண்மீனுக்குள் பழைய குண்டு பல்பு போடாதீர்கள், காகிதம் கருகும். வயர் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் டேப் சுற்றியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காமல், பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கண்ணால் பாருங்கள். இரவு கோயில் பூட்டும்போது மெயினை நிறுத்த ஒரே ஒருவருக்குப் பொறுப்பு கொடுங்கள். எல்லாருக்கும் பொறுப்பு என்றால் ஒருவரும் நிறுத்த மாட்டார்கள்.

டிசம்பர் 12

"எங்கள் சபையில் சுரூபம் வைப்பதில்லை, எங்களுக்கு இதில் என்ன?" என்று சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை நண்பர் கேட்கிறார். முன்னணை (தீவனத்தொட்டி) உங்களுக்கும் உண்டே. பலகையில் ஒரு தொட்டி, அதில் வைக்கோல், பக்கத்தில் லூக்கா 2 திறந்த வேதாகமம். இது போதும், கிரேச்சோவும் ஏறக்குறைய இவ்வளவுதான். ஞாயிறு பள்ளி நாடகம் போடுவீர்கள் என்றால் ஒன்றைப் பாருங்கள். கதவைச் சாத்துகிற சத்திரக்காரர் வேதத்தில் இல்லை. இடமில்லை என்ற ஒரு வரிதான் இருக்கிறது. அவரைக் கொடியவராக்கி ஐந்து நிமிடம் கொடுத்தால் சபை சிரித்துவிட்டு அவர்மேல் பழியைப் போட்டுக் கிளம்பிவிடும். இடம் கொடுக்காதவர் யார் என்ற கேள்வி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவரிடம் வர வேண்டும்.

டிசம்பர் 13

கைப்பிடி அரிசியைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று. தினம் ஒரு நற்செயலுக்கு ஒரு வைக்கோல் தாளைக் காலித் தொட்டியில் போடுவது பிள்ளைகளுக்கு நல்ல பழக்கம். அதோடு குடில் பக்கத்தில் மூடி போட்ட பெரிய டிரம் ஒன்று வைத்து, வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது எடுத்துவைத்த பிடி அரிசியைக் கொண்டுவந்து போடச் சொல்லுங்கள். புழுங்கல், பச்சை என்று இரண்டு டிரம். கலந்துவிட்டால் வேகும் நேரம் வேறுபட்டுச் சோறு பாழ். வேப்பிலை போட்டு வையுங்கள். 23ஆம் தேதியே ஏழைக் குடும்பங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடுங்கள். பெருவிழா முடிந்து 27ஆம் தேதி கொடுக்கிற அரிசியில் அவர்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் சோறு வேகாது. வாங்குகிறவர்களைக் குடில் முன்னால் வரிசையில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அசிசி பிரான்சிஸைப் பற்றி இன்னொன்று. ஒருமுறை கிறிஸ்து பிறப்பு வெள்ளிக்கிழமையில் வந்து, இறைச்சி உண்ணலாமா என்ற பேச்சு எழுந்தபோது, இன்று சுவர்கள்கூட இறைச்சி உண்ண வேண்டும், முடியாவிட்டால் வெளியே பூசியாவது விடுங்கள் என்றாராம். ஏழைகளைப் பணக்காரர்கள் வயிறார உண்பிக்க வேண்டும், மாட்டுக்கும் கழுதைக்கும் வழக்கத்தைவிடக் கூடுதல் தீனி வைக்க வேண்டும், பறவைகளுக்காக வழியில் தானியம் இறைக்க வேண்டும் என்பதும் அவர் விருப்பம். இதையும் செலானோதான் எழுதிவைத்திருக்கிறார். பெருவிழா அன்று பிரியாணிக்குத் தடை கேட்டு எழுதிய அண்ணனுக்கு இதுவே பதில்.

டிசம்பர் 19

பாலன் சுரூபத்தை இப்போதே எடுத்துப் பாருங்கள். 24 மாலை எடுத்தால் விரல் உடைந்திருக்கும், ஒட்ட நேரம் இருக்காது. பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) சுரூபம் என்றால் ஒரு பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு பொடியைத் தூவிக் குழைத்து, உடைந்த இடத்தை லேசாக நனைத்துவிட்டு அப்ப வேண்டும். காய்ந்த இடத்தில் அப்பினால் பழைய மாவு ஈரத்தை உறிஞ்சி, ஒட்டினது உதிர்ந்துவிடும். விரலுக்குள் மெல்லிய கம்பி வையுங்கள். இரண்டு நாள் காயவிட்டுப் பெயிண்ட். முத்தி செய்ய (முத்தமிட) கொடுப்பீர்கள் என்றால் டிஸ்டம்பர் கூடாது, உதட்டில் ஒட்டும்.

புது செட் வாங்குவது பற்றிக் கேட்டவருக்கு: மதுரைப் பக்கம் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிற அதே கைகள் குடில் செட்டும் செய்கின்றன. பாலன் தொட்டியோடு சேர்த்து வார்க்கப்பட்டதா, தனியாக எடுக்க வருமா என்று பார்த்து வாங்குங்கள். சேர்த்து வார்த்ததில் காலித் தொட்டிக்கு வழியில்லை. ஆட்டின் அளவையும் பாருங்கள். சில செட்டில் ஆடு சூசையப்பர் இடுப்புக்கு வரும். சிறிய ஆடுகளைப் பின்மேட்டிலும் பெரியதை முன்னாலும் வைத்தால் தூரம் தெரியும்.

டிசம்பர் 27

படங்கள் பார்த்தேன், தொட்டி அருமையாகத் தெரிகிறது. ஆனால் நாளைக்கு ஒன்று செய்ய வேண்டும். நேற்று இரத்தசாட்சி ஸ்தேவான் நாள், நாளை ஏரோது மன்னன் கொன்ற மாசில்லாக் குழந்தைகள் நாள். பெருவிழாத் திருப்பலியில் குருவின் வெள்ளை உடுப்பு கண்ட மறுநாளே இரத்தசாட்சிக்கான சிவப்பு. பாலன் பிறந்த ஊரிலேயே ஏரோதின் வாள் இறங்கியது, அந்தக் குடும்பம் இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடியது. இந்தப் பகுதியை விட்டுவிட்டுக் கொண்டாடினால் கிறிஸ்து பிறப்பு பாதிதான். இந்த வருடம் 28 ஞாயிறாக அமைந்து திருக்குடும்ப விழா வருகிறது, வாசகமே எகிப்துக்கு ஓடுவதுதான். குடில் முன் ஒரு சிவப்புத் துணியை விரித்து, அதன் மேல் குழந்தைகளின் செருப்புச் சோடி ஒன்றை வையுங்கள். போரில் செத்த பிள்ளைகளுக்காக, பிறக்க விடப்படாத பிள்ளைகளுக்காக, அகதி முகாமில் வளரும் பிள்ளைகளுக்காக விசுவாசிகள் மன்றாட்டில் ஒரு வரி சேர்க்கப் பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.

வீட்டுக் குடில் போட்டியில் முதல் பரிசு எதற்குக் கொடுப்பது என்ற விவாதம் நீண்டுகொண்டே போகிறது. மதிப்பெண் தாளில் ஒரு வரி சேருங்கள்: வீட்டு வாசலில் நின்று பார்த்தால் பாலன் தெரிகிறாரா? அதற்குப் பாதி மதிப்பெண். யார் எவ்வளவு செலவழித்தார் என்ற ரூபாய் கணக்கு ஓய்ந்துவிடும்.

ஜனவரி 12, 2026

நேற்று ஆண்டவரின் திருமுழுக்கு விழா, கிறிஸ்து பிறப்புக் காலம் முடிந்தது. இனி பிரிக்கலாம். சுரூபங்களை பிளாஸ்டிக் உறையில் இறுக்கிச் சுற்றாதீர்கள், உள்ளே வியர்த்துப் பெயிண்ட் உரியும். உலர்ந்த துணியால் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, உமி பரப்பிய மரப்பெட்டியில் படுக்கவையுங்கள். பாலனுக்குத் தனிப் பெட்டி, மேலே பெயர் எழுதி, கோயில் பீரோவில்.

கிரேச்சோவில் அந்தத் தொட்டி வைக்கோலைப் பத்திரப்படுத்தி நோயுற்ற கால்நடைகளுக்குக் கொடுத்தார்கள் என்று படித்துவிட்டு, நம் வைக்கோலையும் மாட்டுக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொட்டியில் இருந்த வைக்கோல், கொட்டில் தரையில் இருந்தது, கேழ்வரகுப் பயிர் இவற்றைத் தாராளமாகப் போடுங்கள், பூஞ்சை இல்லை என்றால். ஜிகினா தூவியது, ஸ்ப்ரே பட்டது, மலைத் தாளோடு ஒட்டியிருந்தது எதையும் போடக் கூடாது. அந்தத் தாளில் மயில்துத்தப் பசை இருக்கிறது. அதைக் குப்பைமேட்டில் திறந்து போட்டாலும் மாடு போய் மேயும், மூட்டையாகக் கட்டி அனுப்புங்கள்.